பத்தாவது மஞ்சள்

2007ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். மொன்ட்ரியாலின் ஆரஞ்சு மெட்ரோ ஆற்றைத் தாண்டி லவால் வரை ஓடத் தொடங்கி ஆறு மாதம் ஆகியிருந்தது. அந்த லவாலில் ஒரு பெரிய ஷாப்பிங் சென்டரின் நடுவில், ஒரு சனிக்கிழமை பட்டப்பகலில், நூற்றுக்கணக்கானோர் பார்க்க நான் தொண்டை கிழியக் கத்தினேன். கோபக்காரி என்று எனக்கு ஊரிலும் பெயர், இங்கேயும் பெயர். அதை மறுக்க இதை எழுதவில்லை. அன்று நடந்ததை முழுதாக ஒருவருக்கும் சொன்னதில்லை, அதனால் எழுதுகிறேன்.

நான் அப்போது நகரத்தில் ஒரு ஹோட்டலின் லோன்றியில் வேலை செய்தேன். படுக்கை விரிப்பு, துவாய், மேசை விரிப்பு என்று நாள் முழுக்க மற்றவர்களின் கறைதான். வைன் கறையா, லிப்ஸ்டிக்கா, கோப்பியா, எத்தனை நாள் பழசு, எதைப் போட்டால் போகும் என்று பத்தடி தள்ளி நின்றே சொல்லிவிடுவேன். என் பிரெஞ்சு வேலையிடத்துக்கு மட்டுமே போதும். கோபம் வந்தால் மட்டும் எங்கிருந்தோ வந்து கொட்டும், பிழைகளோடுதான்.

மகளுக்கு அப்போது பதினான்கு வயது. அவளுக்கு ஒரு கியூப் பைத்தியம். ஆறு பக்கமும் ஆறு நிறம், ஒவ்வொரு பக்கத்திலும் ஒன்பது சின்னச் சதுரம், குழப்பிவிட்டுத் திரும்பவும் ஒழுங்காகச் சேர்க்க வேண்டுமே, அந்தப் பெட்டிதான். நூலகத்துக் கம்ப்யூட்டரில் பார்த்து அவளாகப் பழகினாள். சாப்பாட்டு மேசையில் கடகட, பஸ்ஸில் கடகட, குளியலறைக் கதவுக்குப் பின்னாலும் கடகட. "அதை வைச்சிட்டுச் சாப்பிடு பிள்ளை" என்று நான் சொல்லாத நாள் கிடையாது. ஒரு வருடத்தில் ஐந்து நிமிடம் எடுத்தது ஐம்பது செக்கனுக்கு வந்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் பள்ளிக்கூடத்தில் இருந்து ஒரு நோட்டீஸ் கொண்டுவந்தாள். ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள் கியூபைத் தானாகவே சேர்க்கிற ஒரு ரோபோ செய்திருக்கிறார்கள். அதை லவாலில் மக்கள் முன்னால் காட்டப் போகிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் அதோடு போட்டி போடலாம். ரோபோவை வெல்லுகிற பிள்ளைக்குக் கோடை விடுமுறையில் அந்தக் கல்லூரியின் ஆய்வுகூடத்தில் இரண்டு கிழமை, அதாவது பதினாலு நாள், பயிற்சி. அந்த இரண்டு கிழமைக்காக அவள் எப்படி ஏங்கினாள் என்று எனக்குத்தான் தெரியும். "அம்மா, அங்க போனா ரோபோ எப்பிடிச் செய்யிறது எண்டு பழக்குவினம்" என்று ஒரு நாளைக்கு நாலு தரம் சொன்னாள். உடுப்புக்கோ போனுக்கோ அவள் அப்படி ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

போட்டிக்கு ஒரே மாதிரி இரண்டு கியூப் கொண்டுபோக வேண்டும். நடுவர் இரண்டையும் ஒரே மாதிரிக் குழப்பி ஒன்றைப் பிள்ளையிடம் கொடுப்பார், மற்றதை ரோபோவிடம் கொடுப்பார். மகளின் பழைய கியூப் கைக்குப் பழகி இலகுவாகச் சுழலும். அதை அவள் தனக்கு வைத்துக்கொண்டு, ரோபோவுக்கென்று புதிதாக ஒன்று வாங்கினாள்.

அப்போது நவராத்திரி. சரஸ்வதி பூசைக்கு எங்கள் வீட்டில் புத்தகம், பேனை, என் கணவருடைய கத்தி, என் தையல் கத்தரிக்கோல் எல்லாவற்றையும் சாமித்தட்டில் வைத்துச் சந்தனம் குங்குமம் பூசுவது வழக்கம். மகளின் பழைய கியூபைக் கேட்டால் தரமாட்டாள், பழக வேண்டுமாம். அதனால் புதியதை எடுத்து வைத்தேன். வெள்ளைப் பக்கத்தின் நடுச் சதுரத்தில் பொட்டு வைத்தேன். அங்கேதான் பொட்டு வடிவாகத் தெரியும். சந்தனம் போத்தலின் அடியில் கொஞ்சம்தான் இருந்தது. காணாததுக்கு மஞ்சள்தூளைக் கலந்து குழைத்துக்கொண்டேன். மகள் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"அம்மா, அது ரோபோவுக்குக் குடுக்கிற கியூப். சரஸ்வதி இப்ப ரோபோவுக்கெல்லோ ஆசீர்வாதம் பண்ணப்போறா."

"எதுக்கும் இருக்கட்டும். வாயை மூடு" என்றேன்.

விஜயதசமிக்குப் பிறகும் அது தட்டில்தான் இருந்தது. போட்டி நாள் காலையில் எடுத்து, காய்ந்த சந்தனத்தை ஈரத்துணியால் துடைத்து, அவளுடைய பைக்குள் வைத்தேன். அவசரம். சரியாகத் துடைத்தேனா என்று திருப்பிப் பார்க்கவில்லை. ஹோட்டலில் ஒரு விரிப்பை அப்படித் துடைத்துவிட்டு வந்திருந்தால் என்னையே வேலையால் நிறுத்தியிருப்பார்கள்.

இவருக்குச் சனிக்கிழமைகளில் ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிக் கடை வேலை. அதனால் நானும் மகளும்தான் நாங்கள் குடியிருந்த மொன்ட்ரியால்-நோரில் இருந்து பஸ் எடுத்து, பிறகு மெட்ரோ பிடித்து லவாலுக்குப் போனோம்.

ஷாப்பிங் சென்டரின் நடுவில் மேடை போட்டிருந்தார்கள். மேடையில் ஒரு மேசை. மேசையில் நாலு இரும்புக் கைகள், அவற்றின் நடுவில் கியூப் வைக்கும் இடம். மேலே ஒரு கமரா, அதன் பக்கத்தில் ஒரு விளக்கு. கியூபை வைத்தவுடன் கைகள் அதைப் புரட்டிப் புரட்டி ஆறு பக்கத்தையும் கமராவுக்குக் காட்டும். பிறகு ஒரு கணம் பேசாமல் இருக்கும். அந்த நேரத்தில் கணக்குப் போடுகிறதாம். அதன் பிறகு கிரீச் கிரீச் என்று சுழற்றத் தொடங்கினால் நிற்காது. அதைச் செய்த மாணவர்களுக்குத் தலைவி இருபது இருபத்திரண்டு வயது மதிக்கத்தக்க ஒரு பெண், இந்தக் கியூபெக் மாகாணத்துக்காரி. கொண்டைக்குள் பென்சில் செருகியிருந்தாள். ஒவ்வொரு போட்டிக்கு முன்னும் அந்த இரும்புக் கைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல. அவளுடைய பேராசிரியர் முன்வரிசைக் கதிரையில் கைகளைக் கட்டிக்கொண்டு இருந்தார்.

எங்களுக்கு முன் நாலு பிள்ளைகள் ஏறினார்கள். நாலு பேரும் தோற்றார்கள். ரோபோ ஐம்பத்தொரு செக்கன், ஐம்பத்திரண்டு செக்கன் என்று மாறாமல் முடித்துக்கொண்டிருந்தது. அந்த நாலு பேரில் ஒருவருக்கும் ஒரு நிமிடத்துக்குள் முடியவில்லை. கடைசி ஆள் என் மகள். அவள் கையைத் துடைத்துத் துடைத்து மேடைக்குப் போனாள்.

மணி அடித்தது. மகள் தொடங்கினாள். ரோபோவும் கியூபைப் புரட்டி ஆறு பக்கமும் பார்த்தது. பார்த்து முடித்து, நின்றது. கணக்குப் போடுகிறது என்று எல்லாரும் நினைத்தோம். அது அசையவே இல்லை. நான் ரோபோவைப் பார்ப்பதா மகளின் கையைப் பார்ப்பதா என்று தெரியாமல் கழுத்தைத் திருப்பித் திருப்பி நின்றேன். மகள் முடித்துக் கியூபை மேசையில் வைத்தாள். நாற்பத்தொன்பது செக்கன். சனம் கை தட்டியது. நானும் கை நோகத் தட்டினேன்.

அந்தப் பெண் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தாள். திரும்பவும் பார்த்தாள். பிறகு மைக் வைத்திருந்த அறிவிப்பாளனின் காதில் ஏதோ சொன்னாள். அவன் பல்லைக் காட்டிக்கொண்டு மைக்கில் பிரெஞ்சில் ஒருமுறையும் இங்கிலீஷில் ஒருமுறையும் சொன்னான். "ஒவ்வொரு நிறத்திலும் ஒன்பது சதுரம்தான் இருக்க வேண்டும். ஆனால் எங்கள் ரோபோ மஞ்சள் பத்து என்றும் வெள்ளை எட்டு என்றும் எண்ணியிருக்கிறது. ஆக, இந்தக் கியூபின் ஸ்டிக்கர்களோடு யாரோ விளையாடியிருக்கிறார்கள் போல." சொல்லிவிட்டு மகளைப் பார்த்துக் கண் சிமிட்டினான். சனம் சிரித்தது. எனக்குப் பக்கத்தில் நின்ற ஒருத்தி தன் புருஷனிடம், "கெட்டிக்காரிதான்" என்றாள்.

மகளின் முகத்தைப் பார்த்தேன். அடிவாங்கியதுபோல நின்றாள்.

எனக்குக் கொதி வந்தது. சும்மா வந்ததில்லை. பன்னிரண்டு வருடமாக இந்த ஊரில் கடை வாசலில் பையைத் திறந்து காட்டச் சொன்னவர்களை எனக்குத் தெரியும். எங்கள் கட்டிடத்தில் எது உடைந்தாலும் முதலில் எங்கள் கதவைத்தான் தட்டுவார்கள். வேலையிடத்தில் ஒருத்தியின் மோதிரம் காணாமல் போன அன்று என் அலுமாரியை மட்டும் இரண்டு தரம் பார்த்தார்கள். பிறகு மோதிரம் அவளுடைய கோட்டுப் பைக்குள்ளேயே கிடந்தது, ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. எனக்குச் செய்ததை விழுங்கிக்கொண்டு வந்தேன். என் பிள்ளைக்கும் அதையே செய்வார்கள் என்றால் விழுங்க என்னால் முடியாது.

மேடையில் ஏறினேன். அந்தப் பெண் அப்போதுதான் ரோபோவின் கைகளைத் தளர்த்திக் கியூபை வெளியே எடுத்து விளக்குக்குக் கிட்டப் பிடிக்கப் போனாள். அவள் கையில் இருந்து அதைப் பறித்தேன். பறித்துக்கொண்டு கத்தத் தொடங்கினேன். பிரெஞ்சு, இங்கிலீஷ், தமிழ் எல்லாம் கலந்துதான் வந்தது. என் பிள்ளை ஒரு வருடமாகத் தூக்கம் முழித்துப் பழகினவள் என்றேன். வெள்ளைக்காரப் பிள்ளை வென்றிருந்தால் ஸ்டிக்கர் எண்ணியிருப்பீர்களா என்று கேட்டேன். அந்தப் பெண்ணைப் பார்த்து, "உன்ர மெஷினுக்குக் கண் தெரியாது. உனக்கும் தெரியாது. குருடி" என்றேன். அதை மட்டும் நல்ல பிரெஞ்சில், ஒரு பிழையும் இல்லாமல் சொன்னேன். அவள் ஒரு அடி பின்னால் போனாள்.

கத்திக்கொண்டே கையில் இருந்த கியூபை ஒருமுறை குனிந்து பார்த்தேன்.

குழம்பிக் கிடந்த நிறங்களுக்கு நடுவில் ஒரு வெள்ளைச் சதுரம் வெள்ளையாக இல்லை. இளமஞ்சள். நடுவில் கொஞ்சம் கூட, ஓரத்தில் கொஞ்சம் குறைய. கறை பார்த்தே வயிறு வளர்க்கிற எனக்கு அரைச் செக்கன் போதும். மஞ்சள்தூள் கறை, பூசைக்கு நான் வைத்த பொட்டு. ஸ்டிக்கருக்குள் இறங்கியிருந்தது. மனிதக் கண்ணுக்கு அது கறை என்று விளங்கும். ரோபோவின் கமராவுக்கு அது இன்னொரு மஞ்சள், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் நான் நின்றிருக்க வேண்டும். "மன்னியுங்கோ, இது நான் செய்தது" என்று ஒரு வார்த்தை. அந்தப் பெண்ணும் சிரித்திருப்பாள், சனமும் சிரித்திருக்கும். கியூபை மாற்றி இன்னொருமுறை போட்டி வைத்திருப்பார்கள். இதெல்லாம் பிறகு ஆயிரம் தரம் யோசித்தது. அன்று நான் செய்தது வேறு. கியூபைக் கைப்பைக்குள் போட்டு சிப்பை இழுத்து மூடினேன். என் குரல் முன்னையதைவிட இன்னும் உயர்ந்தது. அத்தனை பேர் முன்னால் அப்படிக் கத்திவிட்டு, பிழை என்னுடையது என்று இறங்கிப் போவதைவிடச் செத்துப்போகலாம் என்றுதான் அந்த நேரம் பட்டது.

பேராசிரியர் எழும்பி வந்தார். சனத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சில பேர் கமராவில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் மைக்கை வாங்கி, பிழை இயந்திரத்தின் மேல், தாயிடமும் மகளிடமும் மன்னிப்புக் கேட்கிறோம், வெற்றி இந்தப் பிள்ளைக்கே என்றார். மகளின் கையில் சான்றிதழைக் கொடுத்தார். திரும்பிப் போகும்போது அந்தப் பெண்ணிடம், சரியாகச் சோதிக்காத ஒன்றை மேடைக்குக் கொண்டுவரலாமா என்று எங்களுக்குக் கேட்கவே கடிந்துகொண்டார். அவள் மேசைக்குப் பின்னால் குனிந்து வயர்களைக் கழற்றத் தொடங்கினாள். அழுதுகொண்டுதான் கழற்றினாள். நான் பார்த்தேன். பார்த்துவிட்டு மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மெட்ரோவில் மகள் சான்றிதழை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். முகத்தில் சிரிப்பில்லை.

"அம்மா, அந்தக் கியூபை ஒருக்காத் தாங்கோ. ரோபோ ஏன் நிண்டது எண்டு பாக்கவேணும்."

"பேந்து பாக்கலாம். வீட்டை போவம் முதல்ல."

வீட்டுக்கு வந்ததும் கியூபைச் சீலைகளுக்குக் கீழே மறைத்து வைத்தேன். இவர் வேலையால் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். கறையைத் தவிர எல்லாம் சொன்னேன். இவர் சாதாரணமாக என் கோபத்துக்குத் தலையில் கைவைக்கிற மனுஷன். அன்று, "நல்லாச் செய்தாய். உவையை இப்பிடித்தான் கேக்கவேணும்" என்றார். மறுநாள் கோயிலில் இவரே கண்ட ஆளுக்கெல்லாம் சொன்னார். ஆள் மாறி ஆள் வந்து மகளின் தலையைத் தடவினார்கள். "ரோபோவையே வெண்ட பிள்ளை" என்றார்கள். என்னிடம் வந்து, "நீங்கள் விடேல்லையாம், கேள்விப்பட்டன்" என்றார்கள். நான் சிரித்துக்கொண்டு நின்றேன். மகள் பாதிப் பூசையில் எழும்பி வெளியே போய் நின்றாள்.

அன்று பின்னேரம் மகள் நூலகத்துக்குப் போயிருக்கிறாள் என்று நினைத்துக் கியூபை எடுத்துக் குசினிக்கு வந்தேன். ஒரு கோப்பையில் ஜாவெல், அதுதான் வெள்ளைத் துணி வெளுக்க நாங்கள் பாவிக்கிறது, கொஞ்சம் ஊற்றிப் பஞ்சால் தொட்டுத் தேய்த்தேன். மஞ்சள் போகத் தொடங்கியது. இன்னும் இரண்டு தரம் தேய்த்தால் அடையாளமே இருக்காது. அப்போது திரும்பிப் பார்த்தால் மகள் வாசலில் நிற்கிறாள். ஜாவெல் மணம் அறை வரைக்கும் போயிருக்க வேண்டும்.

கிட்ட வந்து என் கையில் இருந்த கியூபைப் பார்த்தாள்.

"பத்து மஞ்சள்" என்றாள். பிறகு, "எப்ப கண்டனீங்கள்?" என்று கேட்டாள்.

"இப்பதான்" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். நான் கோப்பையைக் கழுவப் போனேன். முதுகைக் காட்டிக்கொண்டு, "எண்டாலும் நீ நாப்பத்தொன்பது செக்கனிலை முடிச்சனி. வெண்டது நீதான்" என்றேன்.

"அது ஓடவே இல்லையம்மா. ஓடாததோட ஓடி நான் என்னத்தை வெண்டனான்?"

எனக்குத் திரும்பவும் கோபம். யாருக்காக நான் அத்தனை பேர் முன்னால் அசிங்கப்பட்டேன், இதுகளுக்கு நன்றி இருக்கிறதா என்று குசினிப் பாத்திரமெல்லாம் அதிரப் பேசினேன். அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அடித்துச் சாத்தவில்லை, மெல்லச் சாத்தினாள். அது இன்னும் எரிச்சலாக இருந்தது. அன்றிரவு சாப்பாட்டு மேசையில் கடகடச் சத்தம் இல்லை. திங்கட்கிழமையும் இல்லை.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விட்டு ஒன்றரை மணிநேரம் பிந்தி வந்தாள். கேட்டதற்கு ஒரு இடத்துக்குப் போனேன் என்றாள். பேசி என்ன பலன் என்று விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை வீட்டுப் போன் அடித்தது. அந்தக் கியூபெக் பெண். குரல் கேட்டதும், பதிலுக்குக் கத்தத்தான் எடுக்கிறாள் என்று ஆயத்தமானேன். அவள் எனக்கு விளங்க வேண்டும் என்று மெதுவாக, நிறுத்தி நிறுத்திப் பேசினாள். உங்கள் மகள் செவ்வாய்க்கிழமை கல்லூரிக்கு வந்தாள் என்றாள். எங்கள் பண்டிகையில் கியூபுக்குத் தானே மஞ்சள் பூசியதாகவும், துடைக்க மறந்து அப்படியே போட்டிக்குக் கொண்டுவந்ததாகவும் மகள் அங்கே சொன்னாளாம். கறையைக் கண்டும் வெல்ல வேண்டும் என்று தான் பேசாமல் நின்றதாகச் சொல்லி அழுதாளாம். சான்றிதழைத் திருப்பிக் கொடுத்துவிட்டாளாம். அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது, அவர் தன்னை நம்பித்தான் கத்தினார், அவரைப் பிழையாக நினைக்க வேண்டாம் என்றாளாம். பேராசிரியர் ரோபோவை ஒதுக்கி வைக்கச் சொல்லியிருந்தாராம், இப்போது காரணம் தெரிந்ததும் தொடரச் சொல்லிவிட்டாராம். இனிமேல் எந்தக் கியூப் வந்தாலும் வெளிச்சத்தை மாற்றி இரண்டு தரம் பார்க்கும்படி அதைத் திருத்துகிறாளாம். "உங்கள் மகள் செய்தது பிழைதான். ஆனால் வந்து சொல்ல எல்லாருக்கும் தைரியம் வராது, மடாம். நன்றாக வளர்த்திருக்கிறீர்கள்" என்று முடித்தாள்.

"மெர்சி" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

முதலில் வந்தது கோபம்தான், சத்தியமாக. யார் உன்னைப் போகச் சொன்னது, யார் உன்னை என் பழியை எடுக்கச் சொன்னது என்று கேட்கத்தான் அறைக்குள் போனேன். அவள் கட்டிலில் இருந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"நீ பூசினனி எண்டு ஏன் சொன்னனி?"

நிமிர்ந்து பார்க்கவில்லை. "நீங்கள் எண்டு சொன்னா அவை உங்களைப் பற்றி என்ன நினைப்பினம்? நீங்கள் எனக்காகத்தானே கத்தினனீங்கள்."

"கறையைக் கண்டும் பேசாமல் நிண்டது எண்டும் சொல்லியிருக்கிறாய். அது பொய். நீ காணேல்லை." அதற்குப் பிறகு என் குரல் எனக்கே கேட்காத அளவுக்கு இறங்கியது. "கண்டது நான். மேடையிலயே கண்டனான்."

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"நீங்கள் கத்தேக்கை ஆளின்ர முகத்தைத்தான் பாப்பியள். கீழ பாக்கமாட்டியள். அண்டைக்கு ஒருக்காக் கீழ பாத்தனீங்கள். பேந்து பையை மூடினனீங்கள். குசினியில கேக்கேக்கை நீங்களாச் சொல்லுவியள் எண்டு நினைச்சன்."

அவள் சொன்னதில் கோபம் இல்லை. கணக்கு விடை சொல்வதுபோலச் சொன்னாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஐந்து நாளாக இந்தப் பிள்ளை நான் எதையோ கண்டு மறைத்தேன் என்று தெரிந்துகொண்டு என்னோடு ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கிறாள். கோயிலில் அத்தனை பேர் தலையைத் தடவும்போதும் தெரிந்துகொண்டுதான் நின்றிருக்கிறாள். உண்மையைச் சொல்லக் குசினியில் அவள் எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்திருக்கிறாள். நான் அதையும் கோப்பையோடு சேர்த்துக் கழுவி ஊற்றியிருக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை லீவு எடுத்துக்கொண்டு மகளோடு அந்தக் கல்லூரிக்குப் போனேன். இரண்டு பக்கமும் அறைக் கதவுகள் உள்ள ஒரு நீண்ட ஓடையின் முடிவில் ஒரு சின்ன ஆய்வுகூடம். அந்தப் பெண் தனியாக இருந்தாள், அதே பென்சில் கொண்டையில். எங்களைக் கண்டதும் சிரித்துக்கொண்டு எழும்பினாள். அந்தச் சிரிப்பு எனக்குச் சேர வேண்டியதில்லை. உட்காரச் சொன்னாள், நான் உட்காரவில்லை. பஸ்ஸில் வரும்போதே மனதுக்குள் பாடமாக்கி வந்த பிரெஞ்சில் சொன்னேன். மஞ்சள் பூசியது நான். மகள் கறையைக் காணவில்லை. மேடையில் நான் கண்டேன். கண்ட பிறகுதான் உன்னைக் குருடி என்று இன்னும் பலமாகக் கத்தினேன்.

கடைசி வசனம் உண்மையில்லை என்று பிறகு யோசித்தேன், அவளைக் குருடி என்று சொன்னது கறையைக் காண்பதற்கு முன்னால். ஆனால் திருத்தவில்லை. கண்ட பிறகும் அதைத் திருப்பி எடுக்காதவளுக்கு முன்னால் என்ன, பின்னால் என்ன.

அவள் சிரிப்பு போய்விட்டது. முகம் சிவந்தது. "அன்று கழிவறைக்குள் ஒரு மணித்தியாலம் இருந்தேன், மடாம்" என்றாள். "அங்கே இருந்து அம்மாவுக்குப் போன் செய்து, இனிப் படிக்க மாட்டேன் என்று சொன்னேன்." அவ்வளவுதான் சொன்னாள். பரவாயில்லை என்று சொல்லவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். அதற்கு அவள் தலையை ஆட்டவும் இல்லை. எனக்கு ஒரு கணம் சுறுக்கென்றது, இவ்வளவு தூரம் வந்து சொல்லியும் இப்படியா என்று. பார்த்தீர்களா, அப்போதும்!

பிறகு அவள் என்னை விட்டுவிட்டு மகளின் பக்கம் திரும்பினாள். "உன் கியூப் இருக்கிறதா?" என்று கேட்டாள். மகளின் கை தானாகக் கோட்டுப் பைக்குள் போனது.

மேசையில் கிடந்த வேறொரு கியூபையும் எடுத்து அந்தப் பெண்ணே இரண்டையும் ஒரே மாதிரிக் குழப்பினாள். ஒன்றை இரும்புக் கைகளுக்குள் வைத்தாள். மைக் இல்லை, சனம் இல்லை, பார்க்க நான் மட்டும்தான். ரோபோ ஆறு பக்கமும் பார்த்தது, வெளிச்சத்தை மாற்றித் திரும்பவும் பார்த்தது, பிறகு சுழற்றத் தொடங்கியது. மகளின் விரல்கள் ஓடின. இரண்டு சத்தமும் ஒன்றோடொன்று போட்டிபோட்டு அந்தச் சின்ன அறையை நிறைத்தன. ரோபோ ஐம்பத்துமூன்று செக்கனில் நின்றது. மகளுக்கு இன்னும் சில திருப்புகள் இருந்தன. ஐம்பத்தைந்தில் முடித்தாள்.

தோற்றுவிட்டாள். தோற்றுவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். அந்தப் பெண்ணும் சிரித்தாள். இரண்டு பேரும் குனிந்து அந்த இரும்புக் கைகளைக் காட்டிக் காட்டி என்னவோ கதைக்கத் தொடங்கினார்கள், எனக்கு விளங்காத வேகமான பிரெஞ்சில். லவாலில் சான்றிதழைக் கையில் கொடுத்தபோது அந்தப் பிள்ளை ஒரு பல்லைக்கூடக் காட்டவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கோடைப் பயிற்சிக்கான இடம் அந்த வருடம் ஒருவருக்கும் கொடுபடவில்லை. கறை என்னால் வந்தது என்று இவரிடம் சொன்னேன், அதைக் கோயில் சனத்திடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை, இவர்தான் ஆள் ஆளாகப் பிடித்துச் சொன்னார், தலையைக் குனிந்துகொண்டு. அன்று ஆய்வுகூடத்தை விட்டுப் புறப்படும்போது அந்தப் பெண் மகளுக்குக் கைகாட்டினாள், எனக்குக் காட்டவில்லை. அவள் என்னை மன்னிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். அது அவளுடைய உரிமை, அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

என் கோபம் இன்னும் போகவில்லை. கடை வாசலில் பையைத் திற என்றால் இன்றைக்கும் ஏன் என்று கேட்டுவிட்டுத்தான் திறப்பேன், அது நியாயமான கோபம். ஆனால் அன்று அந்த மேடையில் என் பிள்ளையைக் கள்ளி, ஏமாற்றுக்காரி என்று ஒருவரும் வாய்திறந்து சொல்லவில்லை. அந்தப் பெயரைத் தனக்குத் தானே வைத்துக்கொண்டு, பஸ் ஏறிப் போய், முன்பின் தெரியாத இடத்தில் அழுதுகொண்டு நின்றது அவள்தான், அதுவும் என்னைக் காப்பாற்ற. அதை நினைக்கும்போது வருகிற கோபத்தைக் கொண்டுபோய்க் கொட்ட, இத்தனை வருடம் கழித்தும், எனக்கு என்னைத் தவிர வேறு ஆள் கிடைக்கவில்லை.